ஃபைலைத் தேடியே பாதி நாள் போகிறது: ஷார்ட்கட், குட்டி மென்பொருள், சில சண்டைகள்

ஜூன் 8, 2025 (கேள்வி)

எங்கே பார்த்தாலும் "இந்த 50 ஷார்ட்கட் தெரிந்தால் நீங்கதான் ராஜா" என்று பட்டியல் போடுகிறார்கள். மூன்று மாதம் முயன்று பார்த்துவிட்டேன். பத்து நாளில் பாதி மறந்துபோகிறது, மீதியை நினைவுபடுத்துவதற்குள் மவுஸ் வேலையை முடித்துவிடுகிறது. 1989லேயே ஆப்பிளில் இருந்த ப்ரூஸ் டோக்னாசினி எழுதிவிட்டார்: ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தால் மவுஸ்தான் வேகம், கீபோர்டு வேகம் என்பது நமக்குத் தோன்றுவது மட்டும்தான் என்று. கீபோர்டு கட்சிக்காரர்கள் யாராவது மறுக்க முடியுமா?

ஜூன் 8, இரவு 10.40

மறுக்க நான் இருக்கிறேன்.

ஈரோட்டில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் 16 வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். முந்நூற்றுச் சொச்சம் கிளையன்ட். ஆளுக்கொரு ஃபோல்டர், அதற்குள் வருடத்துக்கு ஒன்று, அதற்குள் இன்கம் டாக்ஸ், ஜிஎஸ்டி, பேங்க் ஸ்டேட்மென்ட், கடைசியில் "இதர". அந்த "இதர"வுக்குள் என்ன இருக்கிறது என்று அதை உருவாக்கியவருக்கே தெரியாது. இந்த மரத்தில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏறி இறங்குகிறேன் என்று எண்ணினால் அழுகை வரும். மவுஸைத் தொடாததால்தான் ஏழு மணிக்காவது வீட்டுக்குப் போகிறேன்.

கையில் ஊறிப்போனவை இவ்வளவுதான். விண்டோஸ்-ஈ தட்டினால் எக்ஸ்ப்ளோரர், அதாவது ஃபோல்டர்களைக் காட்டும் சன்னல். ஆல்ட்-டி தட்டினால் மேலே முகவரிப் பட்டை. ஃபோல்டர் பெயரின் முதல் மூன்று நான்கு எழுத்தை நிறுத்தாமல் அடித்தால் அந்த ஃபோல்டரிலேயே போய் நிற்கும் (இடையில் மூச்சு வாங்கினால் முதலிலிருந்து தேட ஆரம்பித்துவிடும்). என்டர் உள்ளே போக, பேக்ஸ்பேஸ் வெளியே வர. எஃப்2 பெயர் மாற்ற. கன்ட்ரோல்-ஷிஃப்ட்-என் புது ஃபோல்டர். ஆல்ட்-என்டர் அடித்தால் அந்த ஃபைலின் ஜாதகம்.

ஐம்பது யாருக்கு வேண்டும்? ஏழெட்டு போதும்.

ஜூன் 9, காலை

பேக்ஸ்பேஸ் விஷயத்தில் மூன்று பேர் காதைத் திருகிவிட்டார்கள். சரிதான். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில்தான் பேக்ஸ்பேஸ் ஒரு படி மேலே கூட்டிப்போகும். அடுத்து வந்த விஸ்டாவிலிருந்து அது "முன்பு இருந்த இடத்துக்கு" போகிற கீ, பிரவுசரில் பேக் பட்டன் மாதிரி. மேலே போக ஆல்ட்-மேல் அம்பு. நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஆபீஸில் எக்ஸ்பி. படிப்படியாக உள்ளே போனால் இரண்டும் ஒரே இடத்துக்குத்தான் திரும்பும் என்பதால் இத்தனை வருடம் வித்தியாசமே தெரியாமல் ஓட்டியிருக்கிறேன்.

ஜூன் 9, மாலை

வாய்ச்சவடால் வேண்டாம், பார்த்தே விடலாம் என்று இன்று மதியம் டீ நேரத்தில் போட்டி வைத்தோம். எதிரே ஜிஎஸ்டி பக்கம் இருக்கும் அக்கா. அவர் கீபோர்டைத் தொடுவது எண்ணை அடிக்க மட்டும். ஜூனியர் பையன் கையில் மொபைல் ஸ்டாப்வாட்ச். ஒரு கிளையன்ட் பெயர் சொல்வான், போன மாத 3பி என்ற ஜிஎஸ்டி ரிட்டர்னைத் திறக்க வேண்டும்.

ஐந்து சுற்றில் நான்கு அக்காவுக்கு.

காரணம் கேளுங்கள். இடது பக்க குயிக் ஆக்சஸில் அவர் பன்னிரண்டு ஃபோல்டரைப் பின் அடித்து வைத்திருக்கிறார். அந்த மாதம் வேலை நடக்கிற கிளையன்ட்கள் மட்டும். மாதம் முடிந்தால் கழற்றிவிட்டு அடுத்தவர்களை மாட்டுவார். இரண்டே கிளிக். நான் இந்தப் பக்கம் டக்டக்கென்று தட்டி நான்கு படி இறங்குவதற்குள் அவர் டீயை எடுத்துக் குடிக்க ஆரம்பித்துவிட்டார். "தம்பி, சத்தம் மட்டும் நல்லா வருது" என்றார்.

நான் ஜெயித்த ஒரே சுற்று, அவர் பின் அடிக்காத ஒரு பழைய கிளையன்ட்.

ஆக, கேள்வி கேட்டவருக்கு ஒரு பாயிண்ட். டோக்னாசினி சொன்னதிலும் விஷயம் இருக்கிறது: எந்தக் கீயைத் தட்டுவது என்று மூளை யோசிக்கிற நேரத்தை நாம் நேரமாகவே உணர்வதில்லை, மவுஸை நகர்த்துகிற நேரம் மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது என்பார். ஆனால் யோசிக்காமல் விரல் தானாகப் போகிற கீக்கு அது பொருந்துமா? கன்ட்ரோல்-சி போட யாராவது யோசிக்கிறோமா?

ஜூன் 11

நேற்று முழுக்க யோசித்ததில் ஒன்று புரிந்தது. போட்டியே தப்பு. ஃபைல் எங்கே இருக்கிறது என்று இருவருக்கும் தெரிந்திருந்தால் மவுஸும் கீபோர்டும் ஓரிரு விநாடி வித்தியாசம்தான். நாள் போவது அங்கே இல்லை. "அந்த 2021 நோட்டீஸை எங்கே போட்டோம்?" என்று ஆறு ஃபோல்டர் திறந்து மூடுகிறோமே, அங்கேதான்.

அதற்கு என்னிடம் உள்ள ஒரே மருந்து "எவ்ரிதிங்". வாய்ட்டூல்ஸ் வெளியிடும் இலவச மென்பொருள், அளவில் மிகச் சிறியது. பெயரில் ஒரு துண்டு அடிக்க அடிக்க கணினி முழுவதிலும் உள்ள ஃபைல்கள் கண்முன் வடிகட்டிக்கொண்டே வரும். இந்த வேகத்துக்குக் காரணம், அது ஒவ்வொரு ஃபோல்டராக நுழைந்து பார்ப்பதே இல்லை. விண்டோஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் முறை வட்டு தன்னிடம் உள்ள எல்லா ஃபைலுக்கும் ஒரு பெரிய பதிவேடு வைத்திருக்கும், மாஸ்டர் ஃபைல் டேபிள் என்று பெயர். எவ்ரிதிங் அதை நேரே படித்துவிடுகிறது. பத்து லட்சம் ஃபைல் இருந்தாலும் முதல் தடவை ஒரு நிமிடச் சமாச்சாரம். பிறகு என்ன மாறியது என்பதை வட்டின் மாற்றக் குறிப்பேட்டிலிருந்து அவ்வப்போது எடுத்துக்கொள்ளும். வீடு வீடாகக் கதவைத் தட்டுவதற்குப் பதில் விஏஓ ஆபீஸில் பதிவேட்டைப் புரட்டுகிற மாதிரி.

இரண்டு துண்டை இடைவெளி விட்டு அடித்தால் இரண்டும் உள்ளவை மட்டும் வரும், முன்னே எது பின்னே எது என்ற கவலை இல்லை. ஈஎக்ஸ்டி, முக்காற்புள்ளி, பிடிஎஃப் என்று ஆங்கிலத்தில் சேர்த்தால் பிடிஎஃப் மட்டும். டிஎம், முக்காற்புள்ளி, டுடே என்றால் இன்று மாறியவை மட்டும். இந்தக் கடைசி ஒன்றுக்காகவே கோயில் கட்டலாம். சாயங்காலம் ஆடிட்டர் சார் "இன்னைக்கு யார் யாருக்கு என்னென்ன பண்ணீங்க" என்று கேட்கும்போது அதை ஓடவிட்டுப் பார்த்துச் சொல்லிவிடுவேன். ஞாபகசக்தி அதிகம் என்று பெயர் வாங்கியிருக்கிறேன், கெடுத்துவிடாதீர்கள்.

ஜூன் 12

கேட்டவர்களுக்கு இரண்டு திருத்தம்.

ஒன்று, எவ்ரிதிங் பெயரை மட்டும்தான் வேகமாகத் தேடும். உள்ளே இருக்கும் எழுத்தைத் தேடச் சொன்னால் தேடும், ஆனால் ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து படிக்க வேண்டும், மாட்டுவண்டிதான். அதற்கு விண்டோஸோடு வரும் தேடலே தேவலை, அது உள்ளடக்கத்துக்கும் முன்கூட்டியே அட்டவணை போட்டு வைக்கும்.

இரண்டு, "எங்கள் ஆபீஸில் எல்லாம் இசட் டிரைவில், அதாவது சர்வரில் இருக்கிறது, ஒன்றுமே வரவில்லையே" என்று கேட்டவர் சொல்வது உண்மை. அடுத்த மெஷினின் பதிவேட்டை நெட்வொர்க் வழியாகப் படிக்க முடியாது. ஆப்ஷன்ஸில் ஃபோல்டர்ஸ் என்ற இடத்தில் அந்த இசட் டிரைவைச் சேர்த்துவிடுங்கள். அப்போது அது பழைய முறையில் வீடு வீடாகப் போய்த் தொகுக்கும். எங்கள் ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு அதை வைத்துவிட்டேன். ஆகவே காலையில் சேமித்த ஃபைல் சாப்பிட்டு வந்த பிறகுதான் தேடலில் தலைகாட்டும்.

ஜூன் 15, ஞாயிறு

எங்கள் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரைக் கோயிலில் பார்த்தேன். இந்த விவகாரத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "நாங்க தொண்ணூறுலயே இதெல்லாம் முடிச்சாச்சு தம்பி, நார்ட்டன் கமாண்டர்னு ஒண்ணு இருந்துச்சு."

நீலத் திரை, இடமும் வலமுமாக இரண்டு பட்டியல். இந்தப் பக்கம் எடுத்து அந்தப் பக்கம் வை, அவ்வளவுதான் தத்துவம். எஃப்5 நகல், எஃப்6 இடமாற்றம், எஃப்7 புது ஃபோல்டர், எஃப்8 அழிக்க. 1986இல் ஜான் சோஷா எழுதியது. மவுஸே இல்லாத மெஷின்களில் இதை ஓட்டியவர்களுக்கு விரல்களே நினைவு வைத்திருக்கும் போலிருக்கிறது. பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் விரல்கள் அர்ச்சனைத் தட்டின் விளிம்பில் எஃப்5 இருக்கும் இடத்தைத் தேடின.

வீட்டுக்கு வந்து அதன் வாரிசுகளைத் தேடினேன். லினக்ஸ்காரர்களுக்கு மிட்நைட் கமாண்டர். விண்டோஸுக்கு ஃபார் மேனேஜர், ஃபைலைச் சுருக்கும் ரார் எழுதிய அதே யூஜின் ரோஷல் ஆரம்பித்தது. பிறகு சுவிட்சர்லாந்துக்காரர் கிறிஸ்டியன் கிஸ்லரின் டோட்டல் கமாண்டர். 1993இல் விண்டோஸ் கமாண்டர் என்ற பெயரில் வந்தது, "விண்டோஸ்" என்பது மைக்ரோசாஃப்டின் வணிகப் பெயர் என்பதால் 2002இல் பெயரை மாற்றிக்கொண்டது. காசு கட்டாமல் பயன்படுத்தினால் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் 1, 2, 3 இவற்றில் அது சொல்கிற பட்டனை அழுத்தச் சொல்லும். காசே கேட்காதது வேண்டுமானால் டபுள் கமாண்டர்.

டோட்டல் கமாண்டரைப் போட்டிருக்கிறேன். பார்ப்போம்.

ஜூன் 21

டோட்டல் கமாண்டரை எடுத்துவிட்டேன். குறை அதனிடம் இல்லை. என் வேலையில் இங்கிருந்து அங்கே மாற்றுவது குறைவு, எங்கே என்று தேடுவதுதான் அதிகம். நாள் முழுக்க போட்டோவும் வீடியோவும் அள்ளுகிற ஸ்டுடியோக்காரர்களுக்கு அது வரப்பிரசாதமாக இருக்கும். என் மச்சான் அந்தத் தொழில்தான், ஒரே நாளில் ஒட்டிக்கொண்டான்.

ஜூன் 22

எவ்ரிதிங் இருந்தும் நேற்று இருபது நிமிடம் போனது. தேடியது பழனிசாமி என்ற கிளையன்ட்டின் 2022 பேங்க் ஸ்டேட்மென்ட். இந்த ஊரில் பழனிசாமி என்பதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவீர்கள்? எல் போடுபவர் உண்டு, இசட் ஹெச் போடுபவர் உண்டு. சாமிக்கு டபிள்யூ சேர்ப்பவர் உண்டு. ஆதார் கார்டில் ஒரு ஸ்பெல்லிங், பான் கார்டில் ஒன்று, பேங்கில் ஒன்று. இனிஷியல் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். எங்கள் சர்வரில் மட்டும் ஐந்து விதமான பழனிசாமி இருக்கிறார்கள், ஆட்கள் மூன்று பேர்தான்.

கடைசியில் கண்டுபிடித்தது பான் நம்பரை வைத்து. பான் என்பது பத்து இடம்: ஐந்து எழுத்து, நான்கு எண், கடைசியில் ஒரு எழுத்து. முழுவதும் அடிக்க வேண்டாம். நான்கு எண்ணையும் கடைசி எழுத்தையும் அடித்தால் போதும், எங்கள் அளவு ஆபீஸில் இதுவரை இரண்டு பேர் மோதியதே இல்லை. எனவே இனி எல்லா ஃபைல் பெயரும் பானில் ஆரம்பிக்கும் என்று சட்டம் போட்டுவிட்டேன்.

ஜூன் 23

சட்டம் ஒரே நாளில் ரத்து. அக்கா கேட்டார்: "பேங்க் மேனேஜருக்கு, சப்ளையருக்கு எல்லாம் வாட்சப்ல ஃபைல் போகுது. பேரைப் பார்த்தாலே பான் தெரியணுமா?" பதில் இல்லை. பல பிடிஎஃப்களின் கடவுச்சொல்லே பானும் பிறந்த தேதியும் சேர்ந்ததுதான் என்பதையும் நினைத்துக்கொண்டேன்.

ஆபீஸ் ரெஜிஸ்டரில் ஒவ்வொரு கிளையன்ட்டுக்கும் ஏற்கெனவே மூன்று இலக்க நம்பர் இருக்கிறது. அதுவே போதும். 217 என்று மட்டும் அடித்தால் ரூபாய் 217, பக்கம் 217 எல்லாம் வருகிறது, அதனால் முன்னால் ஒரு கே. கே217. பின்னால் தேதி, வருடம்-மாதம்-நாள் என்ற வரிசையில். நாள் முன்னால் போட்டால் பெயர்வாரியாக அடுக்கும்போது ஜனவரி 1ம் டிசம்பர் 1ம் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும்.

ஜூலை 2

எவ்ரிதிங் பற்றி ஒரு எச்சரிக்கை. இதை ஜூன் 11லேயே எழுதியிருக்க வேண்டும்.

சர்வர் மெஷினிலேயே அதைப் போட்டால் இன்னும் வேகம் என்று போட்டேன். அதில் உட்கார்ந்த ஜூனியர் பையன் ஏதோ தேடப்போக, யாருக்கும் அனுமதி இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் இருந்த சம்பளப் பட்டியலின் பெயர் திரையில் வந்து நின்றது. திறக்க முடியாது, அனுமதி இல்லைதான். ஆனால் அந்தப் பெயரிலேயே பாதிச் செய்தி இருந்தது: "இன்க்ரிமென்ட் இல்லாதவர்கள்". வட்டின் பதிவேட்டைப் படிப்பதால் பெயர்கள் எல்லாம் எல்லோருக்கும் தெரியும், அனுமதி என்பது திறக்கும்போது மட்டும்தான். ஆப்ஷன்ஸில் எக்ஸ்க்ளூட் என்ற இடத்தில் அந்த ஃபோல்டரைச் சேர்க்க வேண்டும். சேர்க்காதது என் தப்பு.

பட்டியலில் என் பெயர் இருந்ததா என்று கேட்காதீர்கள்.

ஜூலை 13

ஷார்ட்கட் கேட்டு வந்தவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். ஆடிட்டர் ஆபீஸ்காரர்கள் நின்று படியுங்கள்.

"24-25" என்று ஒரு ஃபோல்டர். எந்த வருடம்? ஜிஎஸ்டி பக்கத்துக்கு அது நிதியாண்டு. இன்கம் டாக்ஸ் பக்கத்துக்கு அது மதிப்பீட்டு ஆண்டு, அதாவது 2023-24இல் சம்பாதித்ததற்கான கணக்கு. ஒரே கிளையன்ட் ஃபோல்டரில் அக்கா ஒரு "24-25" போடுகிறார், நான் ஒரு "24-25" போட வருகிறேன், ஏற்கெனவே இருக்கிறதே என்று அதற்குள்ளேயே போட்டுவிடுகிறேன். அடுத்த வருடம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் திட்டிக்கொள்கிறோம். உலகத்தில் உள்ள எந்த ஷார்ட்கட்டும் இதற்கு உதவாது. இப்போது நிஆ, மஆ என்று முன்னால் சேர்க்கிறோம்.

ஆகஸ்ட் 5

முதலில் கேள்வி கேட்டவர் மீண்டும் வந்திருக்கிறார்: "எல்லாம் சரி, வெப்சைட்டில் ஃபைல் ஏற்றும்போது ஒரு சின்னப் பெட்டி திறக்கிறதே, அது எப்போதும் சம்பந்தமில்லாத ஃபோல்டரில் போய் நிற்கிறது. அதற்கு உங்கள் கீபோர்டு என்ன செய்யும்?"

இதற்காகத்தான் காத்திருந்தேன் நண்பரே. எவ்ரிதிங்கில் ஃபைலைத் தேடி அதன்மேல் நின்று கன்ட்ரோல்-ஷிஃப்ட்-சி. முழு முகவரியும் நகலாகிவிடும். அந்தப் பெட்டியில் ஃபைல் நேம் என்று இருக்கும் கட்டத்தில் கன்ட்ரோல்-வி, என்டர். முடிந்தது. ஃபோல்டருக்குள் ஒரு படி கூட இறங்கவில்லை. எக்ஸ்ப்ளோரரில் இருந்தால் ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு வலது கிளிக், காப்பி ஆஸ் பாத். முகவரிக்கு இரண்டு பக்கமும் மேற்கோள் குறி ஒட்டிக்கொண்டு வரும், பெட்டி அதைக் கண்டுகொள்ளாது. வலது கிளிக்கும் பிடிக்காத என்னைப் போன்றவர்களுக்கு ஆல்ட் விட்டு ஹெச், சி, பி.

லிஸ்டரி என்று ஒன்று இருக்கிறது, அதில் கன்ட்ரோல்-ஜி தட்டினால் நீங்கள் எக்ஸ்ப்ளோரரில் திறந்து வைத்திருக்கும் ஃபோல்டருக்கே அந்தப் பெட்டி தாவும். ஒரு வாரம் வைத்திருந்தேன், நன்றாகவே இருந்தது. ஒட்டுகிற முறையே கைக்குப் பழகிவிட்டதால் விட்டுவிட்டேன்.

இந்த ஒன்றில் அக்காவே கட்சி மாறிவிட்டார். மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்றில் எழுதி மானிட்டரில் ஒட்டியிருக்கிறார்.

ஆகஸ்ட் 19

இன்று ஒரு ஃபோல்டர் காணாமல் போனது. நூல் மில் கிளையன்ட், ஐந்து வருடக் கணக்கு. ஆபீஸே கலங்கிவிட்டது. அழித்துவிட்டார்களா என்ற பயம் ஏன் என்றால், இசட் டிரைவில் அழித்தால் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, நேரே பரலோகம்தான். இது பலருக்குத் தெரியாது.

எவ்ரிதிங்கில் அடித்தேன். மதியம் தொகுத்தது கைகொடுத்தது. பக்கத்து எழுத்தில் ஆரம்பிக்கும் இன்னொரு கிளையன்ட்டின் ஃபோல்டருக்குள் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. யாரோ கிளிக் செய்கிறேன் என்று பிடித்து இரண்டு மில்லிமீட்டர் இழுத்து விட்டிருக்கிறார்கள். வருடத்துக்கு இரண்டு முறையாவது நடக்கிறது. மவுஸ் வேகம்தான், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் இந்த அரை மணி நேரத்தை டோக்னாசினி ஸ்டாப்வாட்ச்சில் சேர்த்தாரா?

ஆகஸ்ட் 19, சற்று நேரம் கழித்து

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். எக்ஸ்ப்ளோரரில் கன்ட்ரோல்-இசட் கடைசியாகச் செய்த ஃபைல் வேலையைத் திருப்பிவிடும். அடுத்த சன்னலில் எக்செல் இருக்கிறது என்று நினைத்து நான் அதைத் தட்டியிருக்கிறேன், பெயர் மாற்றிய ஃபைல் சத்தமில்லாமல் பழைய பெயருக்குப் போயிருக்கிறது. கீபோர்டுக்கும் களவாணித்தனம் உண்டு.

ஆகஸ்ட் 24

ஜூலை 13ஐ மீண்டும் பாருங்கள். புதிய வருமான வரிச் சட்டம், 2025க்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. அதில் "வரி ஆண்டு" என்று ஒன்றே ஒன்று. எங்கள் நிஆ-மஆ சண்டையை நாடாளுமன்றமே தீர்த்துவைத்துவிட்டது. இனி "வஆ" என்று மூன்றாவதாக ஒரு ஃபோல்டர் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

செப்டம்பர் 16, அதிகாலை 1.20

உயிரோடு இருக்கிறேன். வருமான வரி ரிட்டர்னின் கடைசித் தேதியான ஜூலை 31ஐ செப்டம்பர் 15 ஆக்கினார்கள், இப்போது இன்னும் ஒரு நாள். நேற்று மாறியவற்றைப் பார்க்க டிஎம்:யெஸ்டர்டே அடித்தேன். உருட்ட உருட்டப் பட்டியல் முடியவில்லை.

செப்டம்பர் 28

ரிட்டர்ன் ஓய்ந்ததால் ஒரு புதிர் எழுதுகிறேன். ஒரு கிளையன்ட் "பொங்கல் போனஸ்" என்று தமிழில் பெயரிட்ட எக்செல் அனுப்பியிருந்தார். திருத்தம் கேட்டோம், மறுபடி அனுப்பினார். ஒரே ஃபோல்டரில் போட்டேன். "மேலெழுதவா?" என்று விண்டோஸ் கேட்கவே இல்லை. பார்த்தால் எழுத்துக்கு எழுத்து ஒரே பெயரில் இரண்டு ஃபைல். கண்ணை இரண்டு தடவை துடைத்துக்கொண்டேன்.

விஷயம் யூனிகோடில், அதாவது ஒவ்வொரு எழுத்துக்கும் கணினி வைத்திருக்கும் குறியீட்டில். "பொ"வில் வரும் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியீடாகவும் இருக்கலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் இருக்கலாம். "போ"வுக்கும் "பௌ"வுக்கும் அதே கதை. திரையில் ஒன்றேதான். ஆனால் விண்டோஸுக்கு அவை வேறுவேறு பெயர்கள். முதல் ஃபைல் அவருடைய மகளின் பழைய மேக்கிலிருந்து வந்திருந்தது. ஹெச்எஃப்எஸ் பிளஸ் என்ற பழைய மேக் வட்டமைப்பு பெயர்களைப் பிரித்துத்தான் வைக்கும். இரண்டாவது, கடையில் உள்ள விண்டோஸ் மெஷினிலிருந்து.

எது எது என்று கண்டுபிடிக்க ஒரு கைவைத்தியம்: எஃப்2 போட்டு "பொ"வுக்கு அடுத்து கர்சரை வைத்து ஒரு பேக்ஸ்பேஸ். "ப" மிஞ்சினால் சேர்ந்தது, "பெ" மிஞ்சினால் பிரிந்தது. பார்த்தபின் எஸ்கேப், பெயர் பழையபடி இருக்கும்.

பேக்ஸ்பேஸைப் பற்றி ஜூன் 8இல் தப்பாகச் சொன்னதற்கு இன்று மன்னிப்பு கேட்டுக்கொண்டேன்.

அக்டோபர் 1

ஆயுத பூஜை. கீபோர்டுக்கும் மவுஸுக்கும் சந்தனம் குங்குமம். மவுஸுக்குப் பொட்டு கொஞ்சம் பெரியது, வைத்தது அக்கா.

அக்டோபர் 18

விண்டோஸ் 10க்கான ஆதரவு 14ஆம் தேதியோடு முடிந்ததால் எல்லா மெஷினையும் 11க்கு மாற்றிவிட்டார்கள். ஆகஸ்ட் 5இல் எழுதிய ஆல்ட், ஹெச், சி, பி செத்துவிட்டது. மேலே இருந்த ரிப்பன் என்ற பட்டன் பட்டையே போய்விட்டதால் அதன் எழுத்துகளும் போயின. பதிலுக்கு எக்ஸ்ப்ளோரரிலேயே கன்ட்ரோல்-ஷிஃப்ட்-சி வந்திருக்கிறது. எவ்ரிதிங்கிலும் அதே கீ என்பதால் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. வலது கிளிக் மெனுவில் பாதியைக் காணோம் என்று பதறுபவர்கள் ஷிஃப்ட்-எஃப்10 தட்டுங்கள், பழைய நீளமான மெனு வரும். கன்ட்ரோல்-டி தட்டினால் பிரவுசர் மாதிரி இன்னொரு டேப். முன்பு மாலைக்குள் பதினெட்டு எக்ஸ்ப்ளோரர் சன்னல் திறந்து கிடக்கும், இப்போது ஒரு சன்னலில் பதினெட்டு டேப். முன்னேற்றம்!

குயிக்லுக் என்ற குட்டி மென்பொருளையும் போட்டுக்கொண்டேன். ஃபைல் மேல் நின்று ஸ்பேஸ் தட்டினால் திறக்காமலே உள்ளே காட்டும். மேக்காரர்களுக்கு 2007லிருந்தே இருக்கிறது, நான் போட்டுக்கொண்டது இப்போதுதான்.

நவம்பர் 9

போட்டியை மறுபடி வையுங்கள் என்று ஐந்தாறு பேர் கேட்டுவிட்டீர்கள். இரண்டு வாரத்துக்கு முன் வைத்தோம். இந்த முறை நடுவர் ஆடிட்டர் சாரே. ஏதோ சத்தம் கேட்டு அறையிலிருந்து வந்தவர், விவரம் கேட்டுவிட்டு, "சரி, கே084, 2019இல் வந்த நோட்டீஸ், எடுங்க பார்ப்போம்" என்றார்.

எனக்குள் சிரித்துக்கொண்டேன். பழைய ஃபைல், அக்கா பின் அடித்திருக்க வாய்ப்பே இல்லை. எவ்ரிதிங்கைத் திறந்து கே084 அடித்தேன். நான்கு மாதமாக நாங்கள் புதுப் பெயர் வைத்தவை எல்லாம் அழகாக வந்தன. 2019இல் எதுவும் இல்லை. கிளையன்ட் பெயரை அடித்தேன், மூன்று ஸ்பெல்லிங்கிலும் அடித்தேன். "நோட்டீஸ்" அடித்தேன், நூற்றுக்கணக்கில் வந்தது. இதற்குள் அக்கா நாற்காலியிலிருந்து எழுந்து போய் இரும்பு ரேக்கில் இருந்து பாக்ஸ் ஃபைலை எடுத்து, கயிற்றை அவிழ்த்து, தாளையே சார் கையில் கொடுத்துவிட்டார்.

"ஸ்கேன் பண்ணலையா இதை?" என்றார் சார்.

பண்ணியிருக்கிறோம். இதர ஃபோல்டருக்குள் "ஸ்கேன்0047" என்ற பெயரில் இருந்தது. 2019இல் ஸ்கேனர் பக்கத்து நாற்காலி என்னுடையது. அந்த வருடம் மட்டும் அப்படி அறுநூற்றுச் சொச்சம் ஸ்கேன் இருக்கிறது.

தினமும் மாலை ஆறிலிருந்து ஆறரை வரை அதற்குத்தான். முதலில் ஸ்பேஸ் தட்டித் தட்டி உள்ளே என்ன என்று பார்த்து ஒரு தாளில் இருபது நம்பர் குறித்துக்கொள்கிறேன். பிறகு எஃப்2, பெயர், டேப், பெயர், டேப். டேப் தட்டினால் அடுத்த ஃபைலின் பெயர் தானாகத் திறந்துகொள்ளும், என்டர் தேவையில்லை. பெயர் மாறியதும் வரிசை மாறி குதிக்காமல் இருக்க முதலில் பட்டியலைத் தேதிவாரியாக அடுக்கிவிடுங்கள், இதை முதல் நாள் தெரியாமல் நாற்பது ஃபைலுக்குத் தப்புப் பெயர் வைத்தேன். இன்றைக்கு 0212 வரை வந்திருக்கிறது.